ஆறு இட்லிக்குப் பின்னாடி ஒரு மாத்திரை

முனிரத்தினம் லாரி ஓட்டி ஓய்ஞ்சவர். அறுபது வயசுக்கு மேல மடத்துல சேர்ந்து சிஷ்யர் ஆனார். குரு பூங்காவனத்தம்மாவுக்கு அவரைவிட இருபது வயசு கம்மி. பொறுமை அதைவிடக் கம்மி.

போன மாசம் அம்மா அவருக்கு ஒரு மந்திரம் குடுத்தாங்க. மூணாம் நாளே, "இது வேலை செய்யலம்மா, வேற குடுங்க"ன்னு வந்து நின்னார். இன்னும் நிக்கிறார்.

ஒரு நாள் அவருக்குக் கடவாப்பல் பிடுங்கணும். ஊசியைப் பார்த்தாலே வாசலைத் தேடுற ஆளு. அதனால, பயம் தெரியாம கிறக்கமா இருக்க டாக்டர் மாத்திரை குடுத்திருந்தார். ரெண்டு பல்லு, ரெண்டு நாள், ரெண்டு மாத்திரை. ஒரு மணி நேரம் முன்னாடி, வெறும் வயித்துல ஒண்ணு.

பல் ஆஸ்பத்திரிக்குத் துணையா அம்மா வந்திருந்தாங்க. மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரமாச்சு. முனிரத்தினம் கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருந்தார். உள்ள மிஷின் கொர்ருன்னுச்சு.

"டூப்ளிகேட் மாத்திரைம்மா. கிறக்கமே வரல." அடுத்த மாத்திரையை எடுத்து உரிச்சார்.

"காலையில என்ன சாப்ட்டீங்க?"

"ஆறு இட்லி, வடகறி. வெறும் வயித்துல எவனாவது மாத்திரை போடுவானா? குடல் வெந்துடாது?"



"உங்க டோக்கன் என்ன?"

"பதினாலு. உள்ள எட்டாம் நம்பர்தான் போயிருக்கு."

"போய் இன்னொரு டோக்கன் வாங்குங்க. சீக்கிரம் கூப்பிடுவாங்க."

"என்னம்மா பேசுறீங்க! இன்னொண்ணு வாங்கினா முன்னாடி இருக்கிறவன் எந்திரிச்சுப் போயிடுவானா? என் முறை வர்றப்ப அடுத்தடுத்து ரெண்டு தடவை கூப்பிடுவாங்க, அவ்ளோதான்."

"உங்க மாத்திரைக்கு முன்னாடி வயித்துல ஆறு பேர் உக்காந்திருக்காங்க."

முனிரத்தினம் கையில இருந்ததைப் பார்த்தார்.

"அப்ப இதையும் போட்டு, ரெண்டையும் ஒண்ணா கூப்பிட்டா?"

"நீங்க எந்திரிக்க மாட்டீங்க."

மாத்திரை பைக்குள்ள போச்சு. அம்மா உள்ள போய் விஷயத்தைச் சொன்னாங்க. டாக்டர் தலையில அடிச்சிக்கிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார். திரும்பி வர்ற ஆட்டோவுல, பாதி வழியில, முதல் மாத்திரைக்கு முறை வந்தது. மடத்து வாசல்ல அவரை இறக்க மூணு பேர் வேண்டியிருந்தது.

மறுநாள் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டே வந்து நின்னார்.

"அம்மா, அந்த மந்திரம் இன்னும் வேலை செய்யலையே. வேற ஒண்ணு..."

"குடுக்கலாம்"னாங்க அம்மா. "முதல் மந்திரத்துக்கு முன்னாடி உள்ள யார் யாரு உக்காந்திருக்காங்க?"