கே கேளாயோ

தெய்வநாயகம் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று வாசலில் கிடந்தது, இன்னொன்று கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கக்கத்தில் காகிதக் கட்டோடு, மூச்சு வாங்க, குரு கமலவேணியின் முன்னால் வந்து நின்றார்.

ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தது அதற்குப் பிறகுதான். குரு அவரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் இவர் "அம்மா" என்பார், அந்த அம்மாள் "வாத்தியாரே" என்பார். யாருக்கு யார் வாத்தியார் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவதுண்டு.

"உட்காருங்க வாத்தியாரே."

"உட்கார மாட்டேன். அந்த மனுஷனைக் கொன்னுட்டாங்கம்மா."

"எந்த மனுஷனை?"

"மாசிலாமணியை."

மாசிலாமணி செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளூர்க் கோயிலில் விளக்கேற்றும் வேலை பார்த்துக்கொண்டே பாட்டுக் கட்டியவர். ஊர் எல்லையைத் தாண்டி அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள். கமலவேணிக்கு மட்டும் அவருடைய பாட்டுகள் குருவழியாக வந்து சேர்ந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, அவர் வரலாற்றையும் சேர்த்துப் புத்தகமாக்க வேண்டுமென்று தெய்வநாயகம் சில வருடங்களாக நாயாக அலைந்துகொண்டிருந்தார்.

"நேத்து சபாவுல ஒரு வித்வான் அவரோட அம்பாள் பாட்டைப் பாடினார். நான் எழுதி அனுப்பின தாளைப் பார்த்துத்தான் பாடினார். பாடி முடிச்சதும் செயலாளர் மைக்கைப் பிடிச்சு, யார் எழுதினதுன்னே தெரியாத அருமையான பாட்டுங்கறார். நான் விடுவேனா? எழுந்து கத்தினேன்."

"கத்தினீங்களா?"

"கத்தினேன். மாசிலாமணி பாட்டுய்யா இதுன்னு கத்தினேன். 'முத்திரை இருக்கா சார்?'னு கேட்டார். இல்லைன்னேன். மண்டபமே சிரிச்சுது."

பாட்டுக் கட்டுகிறவர் கடைசி அடியில் தன் பெயரையோ, தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒரு சொல்லையோ வைத்துவிட்டுப் போவார். அதுதான் முத்திரை. அது இருந்தால் பாட்டு இன்னாருடையது என்பதை எந்தச் செயலாளரும் மறுக்க முடியாது.

"அந்த ஆள் மேலகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. மாசிலாமணி மேலதான் கோபம். ஒரு பாட்டுலயாவது பேரை வச்சுட்டுப் போயிருந்தா இந்த மனுஷனுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்? நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகுது. இதெல்லாம் அவர் பாட்டுதான்னு நான் எதை வச்சுச் சொல்றது?"

அவமானம் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

"முத்திரை தேடுறேன்னு இன்னிக்குத்தான் சொல்றீங்க" என்றார் கமலவேணி. தம்புராவைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அவரு எப்படிப்பட்டவருன்னு எழுதியிருக்கீங்க? படிங்க" என்றார்.

தெய்வநாயகம் கட்டைப் பிரித்தார். "'அடக்கமே உருவானவர். அளந்து பேசுபவர்.'"

"அளந்துன்னா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "திக்குவாய்ம்மா. பேச வாயெடுத்தா முதல் எழுத்துலயே மாட்டிக்குவாராம். தெருவுல போனா பின்னாலேயே வந்து அதே மாதிரி பேசிக் காட்டுவாங்களாம். அதையெல்லாம் புத்தகத்துல போட முடியுமா? எவ்வளவு பெரிய மகான்."

"பாடுறப்போ?"

"பாடுறப்போ துளிகூடத் திக்காதாம்."

"சரி. அம்பாள் பாட்டோட கடைசி அடியைப் பாடுங்க. தாள்ல இருக்கற மாதிரியே பாடுங்க."

கோபத்தில் சுருதி எங்கோ போனது. ஆனாலும் பாடினார். "சொல்ல வந்ததைக் கேளாயோ..."

"நான் அப்படியா சொல்லிக்கொடுத்தேன்?"

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். "சொல்ல வந்ததைக் கே... கேளாயோ."

"அது பிழைம்மா. வாய்வழியா வர்றப்போ எங்கேயோ யாரோ சறுக்கியிருக்காங்க. வகுப்புல உங்க மரியாதைக்காக நானும் அப்படியே பாடிடுவேன். ஆனா இது அச்சுல போறதாச்சே. வாழ்நாள் பூரா விடைத்தாள் திருத்தினவன் நான். அந்தக் 'கே'யை எடுத்துட்டேன்."

"முருகன் பாட்டுல?"

"'எ... என்னையும் ஆள்வாய்'. அதுலயும் ஓரெழுத்து மிகை. எடுத்துட்டேன்."

"தில்லைப் பாட்டுல?"

"'ப... பயமில்லையே'. அதுலயும்..."

"எல்லாப் பாட்டுலயுமா வாத்தியாரே?"

"எல்லாப் பாட்டுலயும்தாம்மா. கடைசி அடியில."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. நேற்று மண்டபத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது இந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது போல் இருந்தது. அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அவர் குரு மேலேயே பாய்ந்தார்.

"முன்னாடியே நீங்க சொல்லியிருக்கலாமில்ல?"

கமலவேணியின் முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் அந்த அம்மாள் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"நான் பாடினேன். நீங்க எழுதிக்கிட்டீங்க. பாடினதைத்தான் எழுதுறீங்கன்னு நினைச்சேன்."

தெய்வநாயகம் உட்கார்ந்தார். உட்கார மாட்டேன் என்று சொன்னது அவருக்கு நினைவில்லை.

கமலவேணி கையை நீட்டிக் காகிதக் கட்டை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒவ்வொரு பாட்டின் கடைசி அடியிலும் ஓரெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. கடைசித் தாள்வரை பார்த்துவிட்டு, கட்டை அவர் மடியில் வைத்தார்.

"அவரு முத்திரை எங்கேன்னு தேடி அலைஞ்சீங்களே வாத்தியாரே. ஒண்ணு விடாம நீங்களே சிவப்பு மையில வட்டம் போட்டு வச்சிருக்கீங்க."