சாக்கு மூட்டைக்குக் கிடைத்த லாட்ஜ் ரூம்

புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காலை ஏலம் முடிந்து லாரி கிளம்புகிற வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த ஒரு மணி நேரம் சிவனணைந்தானுக்குச் சொந்தம். சாக்கு வாய் தைப்பது அவர் தொழில். கோணூசி கைக்கு வந்ததும் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு சாக்கின் வாய் மூடுவதற்குள் அவர் வாய் ஒன்பது தடவை திறக்கும் என்று மண்டியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஊரில் புளுகுகிறவர்களுக்கா பஞ்சம்? புலியை அடித்தேன், மந்திரியை மடக்கினேன் என்று ஆளுக்கொரு வீரம் வைத்திருப்பார்கள். சிவனணைந்தான் அந்த ரகம் இல்லை. அவர் விடுகிற கதைகளில் அடி வாங்குகிறவர், ஏமாறுகிறவர், அசடு வழிகிறவர் எல்லாமே அவர்தான். “ஏமாறுததுல என்னைய மிஞ்ச தென்காசி ஜில்லாவுலயே ஆளு கிடையாது” என்று மார்தட்டிக்கொள்வார். அதனால்தானோ என்னவோ, அவர் சொல்வதை ஒருவரும் நம்பியதில்லை, கேட்காமல் எழுந்து போனதும் இல்லை.

அன்றைக்கு வாயைக் கிளறிவிட்டவள் ஆவுடையம்மாள். மண்டியில் காயைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. புருஷன் போன பிறகு அந்த இரண்டு கையால்தான் மகள் சண்முகக்கனியை நர்சிங் படிக்க வைத்திருந்தாள். இப்போது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து கனிக்கு நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. அந்தக் குடும்பத்தில் மதுரையைத் தாண்டிப் போகிற முதல் ஆள் கனிதான்.

“அண்ணாச்சி, நீங்கதான் மெட்ராஸ் போயிட்டு வந்தவுக. கனி போன்லயே தேடி ஒரு லாட்ஜைப் பிடிச்சிருக்கா. வாடகை கம்மியாம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்காம். விடியக்காலம் பஸ்ஸைவிட்டு எறங்கி, அங்கன போயி குளிச்சி, சேலை மாத்திக்கிட்டு நேரா இன்டர்வியூக்குப் போயிரலாம்ங்கா. சரியா வருமா?”

சிவனணைந்தான் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்தினார். எடை போடுகிற மைதீன் தராசை விட்டு நகர்ந்து வந்து ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தார். காய் பிரிக்கிற பெண்கள் கையை ஓட்டிக்கொண்டே காதை இந்தப் பக்கம் திருப்பினார்கள்.

“பக்கம்னா எப்படிப் பக்கம்?” என்று ஆரம்பித்தார் சிவனணைந்தான். “மெட்ராஸ்காரன் பக்கம்ங்கதும் நம்ம பக்கம்ங்கதும் ஒண்ணு கிடையாது தாயி. முதலாளி என்னைய லோடுக்குத் துணையா கோயம்பேட்டுக்கு அனுப்பினாருல்லா? போயி எறங்கியாச்சி. லாரி மறுநாள்தான் திரும்பும். சரி, ஒரு ரூமைப் போட்டு காலை நீட்டுவோம்னு ஒருத்தன்கிட்ட லாட்ஜ் எங்கனன்னு கேட்டேன். ‘இதோ, பக்கத்துலதான், ரெண்டாவது சிக்னல்’ன்னான். நடந்தேன். நடந்தேன்னா நடந்தேன், புதுச் செருப்பு வார் மட்டும் மிஞ்சிச்சி. போகும்போது மழுமழுன்னு சவரம் பண்ணின மூஞ்சி. போயிச் சேரும்போது தாடி நெஞ்சைத் தொட்டுச்சி. கவுன்டர்ல இருக்கவன் தெலுங்குல பேசுதான்!”

“ஆந்திராவுக்கே போயிட்டீரா?” என்றார் மைதீன்.

“போனதுகூடத் தெரியாம போயிருக்கேன் பாரும். அதுக்கும் ஒரு தெறமை வேணும்வே. திரும்பவும் நடந்து வந்து முதல் சிக்னல்லயே பாத்தா, லாட்ஜா வரிசையா நிக்கி. உள்ள நுழைஞ்சா, ‘எத்தனை பேரு?’ன்னான். நான் மட்டும்தான்னேன். ‘தனி ஆளுக்கு ரூம் கிடையாது’ன்னுட்டான். அடுத்த லாட்ஜ்லயும் அதே பேச்சு. அதுக்கடுத்ததுலயும்.”

“இந்தா, இது ஆந்திராவைவிடப் பெரிய புளுகால்லா இருக்கு! கையில வாடகையை நீட்டினா எவன்வே ரூம் இல்லம்பான்? அவன் என்ன பொண்ணா கட்டிக் குடுக்கான், தனி ஆளா, குடும்பஸ்தனான்னு விசாரிக்க?” என்றார் மைதீன். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

சிவனணைந்தான் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சிரிப்பைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டுக் கதைக்குத் தாவினார்.

“நான் விடுவேனா? லாரியில ஒரு சாக்கு எலுமிச்சை மிச்சம் கிடந்துச்சி. அதைத் தூக்கி நிறுத்தி, என் சட்டையைப் போட்டு, மேல ஒரு பழுத்த பூசணிக்காயை வச்சி, துண்டால தலைப்பாகை கட்டி, ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். ‘ரெண்டு பேரு. இவுக எங்க பெரியப்பா. காது கேக்காது, பேச்சு வராது’ன்னேன். மேனேஜரு எந்திரிச்சி நின்னு பெரியப்பாவைக் கும்பிட்டான். எனக்கு இன்னிவரைக்கும் ஒருத்தன் எந்திரிச்சதில்ல!”

“கையெழுத்து கேட்டிருப்பானே?” என்றாள் ஆவுடையம்மாள். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

“கேட்டானே! பெரியப்பா கைநாட்டுன்னு சொல்லி, ஒரு எலுமிச்சையை மையில தொட்டு நோட்டுல உருட்டினேன். மேனேஜரு பாத்துட்டு, ‘பெரியவர் உழைச்ச கை, ரேகையெல்லாம் தேய்ஞ்சி போச்சு’ன்னு கண்ணைத் தொடச்சிக்கிட்டான். என் கையெழுத்தைப் பாத்துட்டு, ‘இது யாரு கிறுக்கினது?’ன்னான்.”

“ரூம் எப்படி?”

“ரூமா? கதவைத் தொறந்தா உள்ள இடம் இருக்காது. மூடினா நாம இருக்க முடியாது. கட்டில்ல பெரியப்பாவைப் படுக்கப் போட்டாச்சி. எனக்குச் சுவர்ல ஒரு ஆணி இருந்துச்சி. புரண்டு படுக்கணும்னா வராண்டாவுக்குப் போயி, திரும்பி நின்னு, மறுபடியும் உள்ள நுழையணும். கொட்டாவி வந்தா ஜன்னலைத் தொறக்கணும். ரூமுக்குள்ளயே வாயைத் தொறந்தா இடம் பத்தாது. ஃபேனைப் போட்டேன். இறக்கை அப்படியே நிக்கி, ரூம் சுத்துது!”

மைதீன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “மூட்டைப்பூச்சி இருந்துச்சாவே?”

“இருந்துச்சாவா? அவுக இருந்த ரூம்லதான் நாங்க தங்கினோம். ஒண்ணு வந்து என்னையக் கடிச்சிப் பாத்துச்சி. போயி இன்னொண்ணைக் கூட்டிட்டு வந்துச்சி. ரெண்டும் என்னமோ கலந்து பேசிச்சி. பொறவு பெரியப்பா மடியில இருந்து நாலு பழத்தை உருட்டிட்டு வந்து, பிழிஞ்சி, சீனி போட்டு எனக்கு ஜூஸ் குடுத்துச்சி. ‘குடிடா, ஒடம்புல ரத்தமே இல்ல, எங்களுக்கே பாவமா இருக்கு’ங்கு. அந்த மெட்ராஸ் பட்டணத்துல எனக்காக மனசு எரங்கின உசுரு அதுக ரெண்டும்தான்.”

சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. சிவனணைந்தானுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். “இன்னும் கேளுங்க. ‘ஸ்டேஷனுக்குப் பக்கம்’னு போர்டு வச்சிருந்தான். பொய் இல்ல. கண்ணை மூடினா கட்டிலுக்கடியில தண்டவாளம். ரயிலு வந்து நின்னுச்சி. பரிசோதகர் ஏறி, டிக்கெட் எங்கன்னாரு. பெரியப்பாவுக்கு மூத்த குடிமக்கள் சலுகைன்னு விட்டுட்டாரு. என்னைய மட்டும் எறக்கிவிட்டாரு. எறங்கிப் பாத்தா திண்டிவனம்! பெரியப்பா இன்னும் எங்கயோ போயிக்கிட்டிருக்காரு. பொங்கலுக்குப் பொங்கல் காயிதம் போடுதாரு.”

ஆவுடையம்மாள் கண்ணில் நீர் வழியச் சிரித்து ஓய்ந்தாள். மடியில் சிந்திய காய்களைப் பொறுக்கிக்கொண்டே, “அப்பாடா, இப்பத்தான் நெஞ்சு லேசாச்சி அண்ணாச்சி” என்றாள். “ரெண்டு நாளா ஒரே பயம். வயசுப் பொண்ணு தன்னந்தனியா போறாளே, லாட்ஜ்ல ஏதாச்சும் ஏடாகூடமா ஆயிருமோன்னு. நல்லவேளை, எல்லாம் புளுகு. தனி ஆளுக்கு ரூம் கிடையாதுன்னதும் நெசமோன்னு ஒரு நிமிசம் பக்குன்னு ஆயிப்போச்சி.”

சிவனணைந்தானின் சிரிப்பு பாதியில் நின்றது.

“கனி தனியாவா போறா?”

“ஆமா. நாளைக்கு ராத்திரி பஸ்ஸு. நானும் போனா ரெண்டு நாள் வேலை போயிரும்லா.”

அவர் சொன்ன கதையில் உண்மை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் பெரிய புளுகு என்று எல்லோரும் தள்ளிவிட்டிருந்தார்கள். சென்னை போன அன்றைக்கு அவர் ஏழு லாட்ஜ் ஏறி இறங்கினார். ஏழு கவுன்டரிலும் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஏழாவது லாட்ஜில் ஒரு வயசானவர்தான் உடைத்துச் சொன்னார். தனியாக வருகிறவன் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு ஏதாவது செய்துகொண்டால் போலீசுக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். தன் மூஞ்சியைப் பார்த்தால் சாகப் போகிறவன் மாதிரியா இருக்கிறது என்று சிவனணைந்தானுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கோயம்பேட்டில் லாரிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டார். சாக்குப் பெரியப்பா அங்கே கிடந்தபோது பிறந்தவர்தான்.

“ஆவுடை, அது மட்டும் நெசம்” என்றார். “தனியாப் போனா குடுக்கமாட்டாங்க. பொம்பளப் பிள்ளைன்னா இன்னும் யோசிப்பாங்க. நான் ஏழு லாட்ஜ்ல கேட்டவன்.”

முன்னைவிடப் பெரிய சிரிப்பு எழுந்தது.

“மூஞ்சியை எப்படி வச்சிருக்காரு பாரு!” என்றாள் ஒருத்தி.

“சத்தியமாச் சொல்லுதேன்!”

“பெரியப்பா மேலயா?” என்றார் மைதீன். கூடை சரிந்து அவரே கீழே உட்கார்ந்துவிட்டார்.

சிவனணைந்தானுக்கு வியர்த்துக் கொட்டியது. பொய் சொல்லி ஒருநாளும் வியர்த்ததில்லை. குலசாமி பேரைச் சொன்னார், சிரித்தார்கள். லாரிக்கு அடியில் படுத்ததைச் சொன்னார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இத்தனை வருஷமாக ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த பேர் இப்போது கழுத்தைப் பிடித்தது. விடியக்காலை ஐந்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை பையும் கையுமாகத் தெரியாத ஊரில் தெருவில் நிற்பாள். அதை நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“ஏட்டி, என்னைய நம்ப வேண்டாம். அந்த லாட்ஜ் நம்பர் இருக்கா? நீயே கேளு” என்று கத்தினார்.

அந்தக் குரலில் ஆவுடையம்மாளின் சிரிப்பு நின்றது. ஜாக்கெட்டுக்குள்ளிருந்த சின்ன பர்சைத் திறந்து, கனி எழுதிக் கொடுத்திருந்த சீட்டை எடுத்தாள். மைதீன் தன் போனில் நம்பரை அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

“சொல்லுங்க” என்றது ஒரு குரல்.

“ஐயா, எம் மக பேருல ரூம் போட்டிருக்கு. சண்முகக்கனி. வெள்ளிக்கிழமை காலையில வாரா.”

தாள் புரளும் சத்தம் கேட்டது. “கூட யாரும்மா வராங்க?”

“அவ மட்டும்தான்.”

“தனியாவா? இல்லம்மா, தனி லேடீஸுக்கு நாங்க குடுக்கறதில்ல. ஜென்ட்ஸா இருந்தாலும் தனியா குடுக்கறதில்ல. வீட்டு ஆளு யாராவது கூட வரணும். ரெண்டு பேரோட ஒரிஜினல் ஆதாரும் வேணும்.”

“பெத்த தாயி நான் வந்தா போதுமாய்யா?”

“தாராளமா வாங்கம்மா. அதே ரூமையே தரோம்.”

போன் அணைந்தது. மைதீன் கீழே உட்கார்ந்த வாக்கில் சிவனணைந்தானை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை நாளாகச் சரியென்று நம்பிய தராசில் இன்றைக்குக் கோளாறு கண்டுபிடித்தது போல இருந்தது அவர் முகம். சிவனணைந்தானோ யாரையும் பார்க்காமல் ஊசியில் சணல் கோக்க முயன்று நான்கு தடவை தவறவிட்டார்.

ஆவுடையம்மாள் எழுந்து உள்ளே போய் முதலாளியிடம் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். வந்தவள் சிவனணைந்தான் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“எம் பிள்ளையை நடுத்தெருவுல நிக்காம காப்பாத்திட்டீங்க அண்ணாச்சி. இதை நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்.”

“அதுக்கென்ன தாயி” என்று அவர் தலையைக் குனிந்தார். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்கியது. கூடவே ஒரு கூச்சம்.

அவள் போகாமல் அங்கேயே நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

“ஆனா ஒண்ணு அண்ணாச்சி. இத்தனை வருசமா நீங்க என்ன சொன்னாலும் பொய்யின்னு நாங்க நிம்மதியா இருந்தோம். இன்னைக்கி உண்மையைச் சொல்லி அதைக் கெடுத்துட்டீங்களே. இனிமே உங்களை எப்படி நம்புறது?”