குமிழ்களில் வைத்த புள்ளி

"டீச்சர், நீங்க எங்கிட்ட எதையோ மறைக்கீங்க" என்றார் பேச்சிமுத்து.

பியூலா டீச்சர் தன் பேஸ் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதை சார்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கேக்கேன்?"

பேச்சிமுத்துவுக்கு ஐம்பது வயது. அவருக்குப் பேஸ் கிடார் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். பேச்சிமுத்து அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். ஆளின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுத்தானா இல்லையா என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகச் சொல்வார். தப்பாகச் சொன்னதையெல்லாம் மறந்துவிடுவார்.

விடுமுறை நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கும் பேஸ் வாசித்தார். இப்போது புது கிடார் வாங்கியிருந்தார். வாங்கிய நாளிலிருந்து நிம்மதி இல்லை.

"மொதல்ல கரகரன்னு இருக்க ஸ்டிரிங் போட்டேன். பெறகு வழவழன்னு இருக்கதைப் போட்டேன். வீட்டுல ஹெட்போன் வச்சுக் கேட்டா தங்கமா இருக்கு. மேடைக்குப் போனா எடுபடவே மாட்டேங்கு. நீங்க என்ன ஸ்டிரிங் போட்டிருக்கீங்க?"

"கடையில இருந்ததுதான்."

"எந்தக் கடை?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம். நீங்க வாங்குற அதே கடைதான்."

கடைக்காரனும் உடந்தை என்று பேச்சிமுத்துவுக்குத் தோன்றியது.

"சரி. பிக்கப்பை எப்படி வச்சிருக்கீங்க?"

தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கும் ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் அந்த மாதிரிக் கிடாரில் இரண்டு உண்டு. கழுத்துப் பக்கம் இருப்பது கனமாகக் கேட்கும். பின்பக்கம் இருப்பது கூர்மையாகக் கேட்கும். எதை எவ்வளவு திறப்பது என்பதற்குத்தான் குமிழ்கள்.

"பாட்டுக்குத் தக்கன வைப்பேன்" என்றார் டீச்சர்.

பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். எல்லாக் குமிழ்களும் சைபரில் இருந்தன.

"நான் வரும்போதெல்லாம் மூடியே வச்சிருக்கீங்க. நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வாரேன்."

"கீழ வைக்கும்போது மூடித்தான வைக்கணும் சார். இல்லைன்னா ஆம்ப் இரையும்."

இவ்வளவு சாதாரணமான காரணத்தை அவர் வாழ்க்கையில் நம்பியதே இல்லை. தன் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றே முடிவு செய்தார்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

பேச்சிமுத்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புரோகிராம். அதுக்குள்ள பேஸ் சரியாவலைன்னா நான் வேணாம்னுட்டார் லீடர் கோமதிநாயகம். கீபோர்டுக்காரன் இடது கையிலயே பேஸை வாசிச்சிருவானாம்."

"சரி."

"என்ன சரி? பஸ்ல ஏறுனா எம் முகத்தப் பாத்து ஒருத்தன் சிரிக்க மாட்டான் டீச்சர். மேடையில நிக்கும்போதுதான் சிரிக்கான். அதுவும் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

டீச்சர் கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இதுல டிரம்ஸ் வாசிக்கிற ஜெனிஸ்டன் வேலையும் இருக்கு. ஒவ்வொரு ரிகர்சல்லயும் லீடர் காதுல என்னமோ ஓதுதான். ஓதிட்டு என்னையப் பாக்கான். ஒருநாள் எங்கிட்டயே வந்து என்னமோ சொல்லப் பாத்தான். நான் பாத்த பார்வையில அப்படியே திரும்பிட்டான்."

"பெறகு?"

"பெறகென்ன? அவன் பக்கமே நான் நிக்கது கிடையாது. மேடையோட அந்தக் கோடிக்குப் போயிருவேன்."

டீச்சர் துணியை மடித்து வைத்தார்.

"நாளைக்கு ஒங்க ரிகர்சலுக்கு நான் வாரேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேச்சிமுத்துவுக்கு அதே யோசனை. கூப்பிடாமல் எதற்கு வருகிறார்? கீபோர்டுக்காரன் வேண்டாம், டீச்சரே இருக்கட்டும் என்று லீடர் சொல்லிவிட்டால்?

வீட்டில் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். தன் கிடாரின் குமிழ்கள் நிற்கும் இடத்திலெல்லாம் புள்ளி வைத்தார். யாராவது திருகினால் தெரிந்துவிடும்.

*

ரிகர்சல் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஓரமாக இருந்த சின்ன மேடையில் நடந்தது.

டீச்சர் கையை நீட்டினார். பேச்சிமுத்து கிடாரைக் கொடுத்தார். கொடுக்க மனசே இல்லை.

"போய்க் கடைசி பெஞ்சுல உக்காருங்க சார்."

"ஸ்டிரிங் மாத்தணுமா? அந்தக் கரகரப்பு செட்டும் பையில இருக்கு."

"இருக்கதே இருக்கட்டும்."

"பிக்கப்பு?"

"நீங்க வச்சதே இருக்கட்டும்."

பாட்டு தொடங்கியது. பேச்சிமுத்து டீச்சரின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குமிழை அவர் தொடவில்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

பாட்டு முடிந்தது.

"என்ன கேட்டுது?" என்றார் டீச்சர்.

"ஒங்க சுண்டுவிரலு மூணாவது ஸ்டிரிங்கை லேசா..."

"பாத்ததைச் சொல்லாதீங்க. திரும்பி உக்காருங்க."

அவர் திரும்பி உட்கார்ந்தார். எதிரே கை கழுவும் தொட்டி. முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் என்ன ஜாடை காட்டிக்கொள்கிறார்களோ என்று உடம்பெல்லாம் அரித்தது.

பாட்டு மறுபடி ஓடி முடிந்தது.

"இப்ப?"

"பேஸுன்னு தனியா ஒண்ணும் கேக்கலை" என்றார். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். டீச்சருக்கும் எடுபடவில்லை.

"வேற என்ன கேட்டுது?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"டிரம்ஸ் கேட்டுது. கால்ல மிதிக்கிற அந்தப் பெரிய டிரம்மு. கும்முன்னு இருந்துச்சு. ஜெனிஸ்டன் புதுத் தோல் மாத்திட்டான் போல. எங்கிட்ட மூச்சு விடலை."

மேடையில் யாரோ சிரித்தார்கள்.

"இன்னொரு தடவை கேளுங்க" என்றார் டீச்சர்.

பாட்டு பாதி வரை போனது. திடீரென்று டிரம் செத்துவிட்டது. காலி அட்டைப்பெட்டியை உதைக்கிற சத்தம்தான் வந்தது.

பேச்சிமுத்து திரும்பினார்.

ஜெனிஸ்டனின் கால் அதே வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தது. டீச்சரின் கைதான் தந்தியில் இல்லை.

டீச்சர் கையை வைத்தார். கும்.

எடுத்தார். டொக்.

வைத்தார். கும்.

பேச்சிமுத்து எழுந்தார். மெல்ல நடந்து மேடைக்கு வந்தார். டீச்சர் கிடாரைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கி, அதே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேச்சிமுத்து தன் வழக்கமான கோடிக்குப் போகவில்லை. டிரம்ஸ் பக்கத்தில் போய் நின்றார்.

"காலை மட்டும் போடு தம்பி."

ஜெனிஸ்டன் மிதித்தான். பேச்சிமுத்து கூடவே ஒரே ஸ்வரத்தை வாசித்தார். அவர் விரல் டீச்சரைவிட அழுத்தமாகச் சுண்டியதால், அது டிரம்மோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. பின்பக்கப் பிக்கப்பின் குமிழைக் கொஞ்சம் குறைத்தார். இன்னும் கொஞ்சம்.

எது கால், எது தந்தி என்று பிரிக்க முடியாத இடம் வந்தது. அவர் கை நின்றது. சிவப்புப் புள்ளி எங்கே போனது என்று குனிந்து பார்க்கவில்லை.

கோமதிநாயகம் பாட்டுத் தாளிலிருந்து நிமிர்ந்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

பேச்சிமுத்து ஜெனிஸ்டன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை மேடையில நான் இங்கன ஒம் பக்கத்துலயே நின்னுக்கிடட்டுமா?"

ஜெனிஸ்டன் லீடரைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

"அதைத்தான் அண்ணாச்சி, இத்தனை நாளா லீடர் காதுல சொல்லிக்கிட்டு இருக்கேன்."