காத்மாண்டுவில் ஐந்து நிமிட விருந்து

நம்ம பக்கத்து யாத்திரை பஸ் ஒன்று காத்மாண்டு போயிருந்தது. அதில் திட்டம் போடுவதெல்லாம் ஓய்வுபெற்ற தாசில்தார் நாச்சியப்பன்தான்.

"நாளைக்கு ஒரே நாள்ல பதினெட்டு இடம். இடத்துக்கு அஞ்சு நிமிஷம்" என்றார்.

"ஏங்க, பசுபதிநாதர் கோயில்ல சாயங்கால ஆரத்தி வரைக்கும் உட்காரணும்னு வேண்டியிருக்கேனே" என்றாள் மனைவி விசாலாட்சி.

"பார்த்தா போதும், உட்கார வேண்டாம்!" என்றவர், சமையல்காரர் இசக்கியிடம் திரும்பினார். "மத்தியானம் வடை பாயசத்தோட பதினெட்டு வகை விருந்து வேணும். அதையும் அஞ்சே நிமிஷத்துல பரிமாறி முடிச்சிடணும். முடியலைன்னா ஊருக்கு மூட்டை கட்டிடு."

"ஆகட்டும் ஐயா."

மறுநாள் ஒன்பது இடம் ஓடிப் பார்த்துவிட்டு, நல்ல பசியோடு உட்கார்ந்தார் தாசில்தார். இசக்கி இலையில் வடை வைத்தார். தாசில்தார் கை நீட்டுவதற்குள் திரும்ப எடுத்துவிட்டார். அவியல் வந்தது, போனது. நெய் மணக்கிற பாயசமும் அப்படியே.

"யோவ், நான் இன்னும் வாயிலயே வைக்கலையே!"

"அதான் பார்த்துட்டீங்களே ஐயா! பதினெட்டும் நாலரை நிமிஷத்துல முடிஞ்சுது."

பஸ் கூட்டம் மொத்தமும் சிரித்தது. விசாலாட்சிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். தாசில்தார் வெறும் இலையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த பதினெட்டு இடப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

"அந்தப் பாயசத்தை வையப்பா. சாவகாசமாச் சாப்பிட்டுட்டு, நேரா கோயிலுக்குப் போவோம்."

அந்த அம்மாள் ஆரத்தி முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். மிச்ச எட்டு இடமும் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கின்றன.