முதல் டம்ளர் தலைவருக்கு

பேரூராட்சித் தலைவர் சுடலைமுத்து வைத்ததுதான் ஊரில் சட்டம். பிள்ளைகள் ஓடியாடும் பள்ளி மைதானத்தை மறித்து, மச்சானுக்குக் கலர் சோடாவும் சிப்ஸும் விற்கக் கடை போட்டுக் கொடுத்தார். “மத்தியானச் சாப்பாட்டோட பிள்ளைகளுக்குக் கலரும் நீதான் ஊத்தணும். இல்லேன்னா வேலை போயிரும்” என்று சத்துணவு ஆயா இசக்கியம்மாளிடம் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவுக்குத் தாய்மார் எல்லாம் வந்திருந்தார்கள். இசக்கியம்மாள் டம்ளர் நிறையக் கலரை ஊற்றித் தலைவரிடம் நீட்டினாள்.

“எனக்கு எதுக்கு?”

“இங்க பெரியவங்க ஒருத்தர் ருசி பாத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் போடுவோம், ஐயா. சோத்துக்கு ஹெட்மாஸ்டர், இதுக்கு நீங்க. தினமும் வந்திருங்க.”

தலைவர் நெளிந்தார். “எனக்குச் சுகர்ம்மா. டாக்டர் இதைத் தொடவே கூடாதுன்னுட்டார்.”

“அடப்பாவமே. எப்படி ஐயா வந்துச்சு?”

“சின்ன வயசுலேருந்தே இதைக் குடிச்சுக் குடிச்சு உடம்பு ஊதி...” என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தாய்மார் மூடவில்லை. சாயங்காலத்துக்குள் கடை அங்கிருந்து கிளம்பியது. பள்ளிப் பக்கம் கலர் விற்கக் கூடாது என்று மன்றத்தில் தீர்மானமும் வந்தது. கடை நின்ற இடத்தில் இப்போது கபடிக் கோடு. தலைவர் அந்தப் பக்கம் வந்தால் இசக்கியம்மாள் சுண்டல் நீட்டுகிறாள். ருசி பார்ப்பதாகச் சொல்லி அவரும் ரெண்டு கரண்டி வாங்கிக்கொள்கிறார்.