மஞ்சள் நீலக் கட்டமும் மகா கெட்டிக்காரியும்

ஒரு ஊர்ல ஒரு மகா கெட்டிக்காரி இருந்தாளாம். கோத்தகிரின்னே வச்சுக்கோயேன் அனிலா. பேரு மட்டும் கேக்காத, அவளுக்கும் மானம் மரியாதை இருக்கு. ம் கொட்டு.

"ம்."

அவ தங்கச்சிக்குக் கோயம்புத்தூர்ல பொண்ணு பொறந்துச்சு. "பத்து நாள்ல மலை ஏறி வர்றோம்க்கா"ன்னு போன். டிசம்பர் குளிரு வேற. அந்த வீட்டுக்கு வர்ற முதல் குழந்தை. வீட்டுக்காரர், "ஒரு கம்பளி வாங்கிரலாமே"ன்னாரு. நம்மாளு விடுவாளா? "நான் இருக்கும்போது கடைப் போர்வையா? துண்டுத் துணியெல்லாம் சேர்த்து, கட்டில் அகலத்துக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறேன் பாருங்க"ன்னா.

அப்புறம் மஞ்சள் துணியும் நீலத் துணியும் வாங்கி, சதுரம் சதுரமா வெட்டினா. மஞ்சள் மேல நீலத்தை வச்சு, மூலைக்கு மூலை கோடு போடணும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். அப்புறம் கோட்டுல வெட்டி விரிச்சா, பாதி மஞ்சள் பாதி நீலமா ரெண்டு கட்டம். இவ என்ன பண்ணா தெரியுமா? டக்கடக்க டக்கடக்கன்னு கோட்டு மேலயே தைச்சா. நாப்பது ஜோடியும் தைச்சுட்டு, அதே கோட்டுல சரக்! சரக்! தைச்ச தையலைத் தானே வெட்டிட்டா. எல்லாம் முக்கோணம் முக்கோணமா பொலபொலன்னு கையோட வந்துருச்சு.

சிரிக்காத. ம் சொல்லு.

"ம்... ம்."

அப்புறம் அந்த முக்கோணத் துண்டுலேர்ந்து சின்னச் சின்ன சதுரமா வெட்டினா. கட்டில் போச்சு, சோபாவுக்காவது ஆகட்டும்னு. இந்தத் தடவை தையல் சரி. ஆனா இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடுக்காம, வேட்டி தேய்க்கிற மாதிரி சர்ரு சர்ருனு இழுத்துத் தேய்ச்சா. குறுக்கா வெட்டின துணி, இழுத்த பக்கமெல்லாம் போகும். ஒவ்வொரு கட்டமும் காத்தாடி மாதிரி கோணிக்கிச்சு. சுத்தி நறுக்கி நேராக்கினதுல உள்ளங்கை அளவுதான் மிச்சம். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கைக்குட்டையா?"ன்னாரு. அன்னிக்கு அவ மிஷின் மேல தலைய வச்சு அழுதா. குழந்தை வந்துரும், போர்த்த ஒண்ணும் இருக்காதேன்னு நிஜமாவே பயம்.

அப்புறம் பத்தாம் நாள். கட்டமெல்லாம் சேர்த்து, பஞ்சு வச்சு, அடித்துணி கொடுத்துத் தைச்சு நிமிர்ந்தா, வாசல்ல கார் பாம் பாம்! விரிச்சா, மஞ்சள் எல்லாம் மேல பாக்குது, ஒண்ணே ஒண்ணு மட்டும் தலைகீழா நிக்குது. பிரிக்க ஏது நேரம்? தங்கச்சி குழந்தையோட உள்ள வந்துட்டா. அப்படியே குழந்தைய வாங்கி அதுல சுத்தினா, தலையிலேர்ந்து கால் வரைக்கும் கச்சிதம்!

"எப்படிக்கா இவ்வளவு சரியா அளவெடுத்த?"ன்னா தங்கச்சி.

"கண்ணாலேயே"ன்னா அந்தப் புளுகுமூட்டை.

"பெரியம்மா, அது நீதானே?"

போச்சுடா. வெளிய சொல்லிராத. தினமும் அந்தத் தலைகீழ்க் கட்டத்தைப் பிடிச்சாத்தானே உனக்குத் தூக்கமே வருது.

"முட்டிக்குக் கீழ குளிருது."

ஆறு வயசாச்சு, இன்னும் இதுதான் வேணும்னா எப்படி? சரி, நாளைக்கே கால்மாட்டுல நாலு வரிசை சேர்த்துத் தைச்சுடறேன்.

"பெரியம்மா..."

ம்?

"கோட்டு மேல தைக்காத."

சரிங்க டீச்சர். நூலை அறுத்தாச்சு, மிஷினை மூடியாச்சு, கதையும் அவ்வளவுதான். கண்ணை மூடு.