வயசுக்கு ஒரு உரசு

பண்ணையார் தளவாய் தன் வயது முப்பத்தைந்து என்று பெண் வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தார். மீசைக்கு மை, தலைக்கு மை. அதோடு விட்டாரா? இளவட்டம் என்று காட்டிக்கொள்ள, வந்தவர்கள் எதிரிலேயே பதினாறு அதிரசத்தை உள்ளே தள்ளினார். வயிறு கல்லாகிவிட்டது.

சமையல்காரி ஆவுடையைக் கூப்பிட்டார். "இவங்க வெற்றிலை போட்டு முடிக்கிறதுக்குள்ள என் வலி நிக்கணும். நிக்கலைன்னா நாளையிலிருந்து நீ இங்க வேலைக்கு வராதே!"

ஆவுடை வசம்பு வேரைச் சுட்டு எடுத்துக்கொண்டு, சந்தனக்கல்லோடு வந்து உட்கார்ந்தாள்.

"வயசுக்கு ஒரு உரசு, எசமான். ஒண்ணு குறைஞ்சாலும் வயிறு கேக்காது. எத்தனை உரசட்டும்?"

பண்ணையார் பெண்ணின் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார். "முப்பத்தஞ்சு."

ஆவுடை சத்தமாக எண்ணி உரசி, தேனில் குழைத்துக் கொடுத்தாள். பண்ணையார் நக்கினார், நெளிந்தார், வேர்த்து வழிந்தார்.

"வலி அப்படியே இருக்கே!"

"இருக்காதே, எசமான்!" ஆவுடை கன்னத்தில் கை வைத்தாள். "முழுசா முப்பத்தஞ்சு உரசிட்டேனே. வேர் இன்னும் கையிலதான் இருக்கு. விட்டுப்போனது ஏதும் இருந்தா சொல்லுங்க."

பண்ணையார் பல்லைக் கடித்துப் பார்த்தார். வயிறு இன்னொரு தடவை புரண்டது.

"இன்னும் இருபத்திரண்டு உரசித் தொலை!"

பெண்ணின் அப்பா, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை வாயில் போடாமலே தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். வரும்போது வாய் நிறைய 'மாப்பிள்ளை' என்று அழைத்தவர், இப்போது பணிவாகக் கும்பிட்டார்.

"எனக்கே அம்பத்தஞ்சுதான் ஆகுது. உடம்பைப் பாத்துக்கிடுங்க, அண்ணாச்சி."